திரும்பி வந்த பூட்டு

கேள்வி: டிரினிடாடில் தன்பால் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பு வந்ததே, இப்போது நிலைமை என்ன?

பதில்: போன சட்டம் திரும்பி வந்துவிட்டது!

ஜேசன் ஜோன்ஸ் தொடுத்த வழக்கில், தன்பால் உறவுக்கான தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தார் நீதிபதி தேவிந்திர ராம்பர்சாத். ஜூலையில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தன்பால் ஈர்ப்பாளர்களின் முதல் பிரைடு ஊர்வலம். என்ன மகிழ்ச்சி அது!

2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. காலனி காலச் சட்டங்களைக் காக்கும் பிரிவு ஒன்று சாசனத்திலேயே இருக்கிறதாம். இத்தனைக்கும் இங்கிலாந்து 1967-லேயே அந்தத் தடையைக் கைவிடத் தொடங்கியது. தாத்தா கழற்றி எறிந்த பூட்டு, பேரன் வீட்டுக் கதவில் இன்னும் தொங்குகிறது!

அதிகபட்சத் தண்டனை 25 ஆண்டிலிருந்து 5 ஆகியிருக்கிறது. காதலித்தவருக்கு அதுவும் கொடுமையே. டிரினிடாடுக்கு இறுதி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே போவதாக அறிவித்தார் ஜோன்ஸ்.