தேருக்கு ஏது டேம்பர்?

பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கியாயிற்று. மேலூர் ரோட்டில் வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் சாமியாடியது. “டேம்பர் போச்சுண்ணே. ரெண்டே நட்டுதான், நீங்களே மாத்திரலாம்” என்றார் டீக்கடையில் ஒருவர். இப்படிச் சொல்பவர்கள் யாரும் வண்டிக்கு அடியில் படுப்பதில்லை.

டேம்பர் என்பது படுக்கப்போட்ட ஷாக் அப்சார்பர். சக்கரத்தின் உதறலை அதற்குள் இருக்கும் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். எண்ணெய் கசிந்தால் உதறல் நம் கைக்கு வரும். துருப்பிடித்த அந்த இரண்டு நட்டுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று விரல் தோலும் செலவாயின. புதியதை மாட்டிய பிறகும் சாமி மலையேறவில்லை.

மதுரையின் மூத்த நடமாடும் வீடுகள் சித்திரையில் மாசி வீதிகளைச் சுற்றுகின்றன. சுவாமிக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று. இரண்டு தேருக்கும் ஸ்டியரிங்கே கிடையாது. சக்கரத்தடியில் கட்டை கொடுத்தே திருப்புகிறார்கள். முட்டுக்கட்டை போட்டுக் காரியம் நடக்கிற ஒரே இடம், நானறிந்து, அதுதான்.

என் வேனில் கோளாறு வீல் பேலன்ஸில் இருந்தது. நீங்களாவது அதை முதலில் பாருங்கள்.