பெருசாவே வாங்கு, பேராண்டி

வாடா பேராண்டி, உக்காரு. வீடியோ கேமராவுக்கு ஃபீல்டு மானிட்டர் வாங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. நல்ல காரியம். பெருசாவே வாங்கு. 5 இஞ்சு, 7 இஞ்செல்லாம் வேலை செய்யறவன் வாங்கறது. நீ 17 இஞ்சு வாங்கு. மாப்பிள்ளையப் பாக்க வந்த சனம் மொத்தமும் உன்னப் பாக்கும். கேமரா தலையில அத மாட்ட முடியாது. அதுக்குத் தனியா ஒரு ஸ்டாண்டு, ஸ்டாண்டப் புடிக்க ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு பேட்டா. விக்கிரவாண்டியில தொழிலு வளந்துடுச்சின்னு பேர் வந்துடும்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்கறியா? வி.எச்.எஸ். கேமரா தோள்ல ஏறுன காலத்துல லைட்டு புடிச்சவன்டா நான். அப்ப வியூஃபைண்டர்ல தெரிஞ்சது கறுப்பு வெள்ளை. பொண்ணு கட்டியிருக்கறது அரக்கா பச்சையான்னு டி.வி.யில போட்டாத்தான் தெரியும். அதுலயும் ஃபோகஸ் தப்பாம எடுத்தானுங்க. இப்ப உனக்குக் கலர்ல தெரியுது, தொட்டா பெருசாவுது. அப்பவும் மாமனார் மூஞ்சிய விட்டுட்டு பின்னாடி இருக்கற வாழமரத்துக்கு ஃபோகஸ் வெக்கற.

சரி, வெயிலுக்கு வருவோம். மானிட்டர் வெளிச்சத்துக்கு நிட்ஸுன்னு ஒரு கணக்கு இருக்குது. சாதா மானிட்டர் 400, 500 நிட்ஸ். உச்சி வெயில்ல நிக்கற வெள்ள வேட்டிய அதே கணக்குல அளந்தா 20,000த்தத் தாண்டும். அந்த வெளிச்சத்துக்கு நடுவுல 400 நிட்ஸ் மானிட்டரத் தூக்கிப் புடிச்சின்னா பொண்ணு மாப்பிள்ள தெரியமாட்டாங்க, உன் மொகந்தான் தெரியும். அதுக்கு ஆறு ரூபா கண்ணாடி போதுமே! செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சி. இனிமே ஜோடிங்க எல்லாம் அங்கதான் நிப்பேன்னு அடம் புடிக்கும். பாறைக்கு மேல நெழலு ஏது? 1,000 நிட்ஸாவது வேணும், அதுக்கு மேல ஒரு சன்ஹுட்டும் வேணும். இல்லன்னா தலையில துண்டப் போத்திக்கினு உள்ள பூந்து பாரு. பொட்டிக் கேமரா காலத்து ஸ்டூடியோக்காரன் அப்பிடித்தான் பாத்தான்.

வெளிச்சம் இருந்தாப் போதும்னு துள்ளாத. 2024 அக்டோபர் 27 ஞாபகம் இருக்குதா? நம்ம வி.சாலையில விஜய் கட்சி மொத மாநாடு. வெயில்ல கூடுன கூட்டம், இருட்டுனப்புறந்தான் கலைஞ்சுது. அந்தமாரி எடத்துல மத்தியானம் முழுசா ஏத்தி வெச்ச மானிட்டர சாயங்காலம் எறக்காம விட்டேன்னு வெய்யி, படம் பளபளன்னு தெரியும். அத நம்பி ஐரிஸ மூடுவ. வீட்டுல வந்து போட்டா தலைவர் இருட்டுல பேசுவாரு. கட்சிக்காரன் உன்ன வெளிச்சத்துல நிக்க வெச்சிப் பேசுவான். அதுக்குத்தான் வேவ்ஃபார்மும் ஃபால்ஸ் கலரும் இருக்கற மானிட்டராப் பாருங்கறேன். திரை எவ்ளோ பளிச்சுன்னு இருந்தாலும் அதுங்க கேமரா அனுப்பற சிக்னலத்தான் அளந்து காட்டும். உன் கண்ணு உனக்கு வேண்டியதத்தான் காட்டும்.

பீக்கிங்குன்னு ஒண்ணு சொல்லுவான் கடைக்காரன். ஃபோகஸ் ஆன ஓரமெல்லாம் செவப்பா மின்னும். மயிலம் முருகன் கோயில் முகூர்த்தத்துல நின்னு பாரு, பொண்ணோட சரிகை மொத்தமும் செவப்பா மின்னும். ஆகா, ஃபோகஸ் பிரமாதம்னு நீ சிரிப்ப. பொண்ணோட கண்ணு மட்டும் மங்கிக் கெடக்கும். படத்தப் பெருசாக்கி கண்ணப் பாத்து ஃபோகஸ் வெய்யி.

பொட்டி மேல 4கேன்னு கொட்ட எழுத்துல போட்டிருப்பான். உடனே பர்ஸத் தொறக்காத. 4கே சிக்னல் உள்ள வரும்னுதான் பாதி நேரம் அதுக்கு அர்த்தம். நம்ம டோல்கேட்டுல ஆம்னி பஸ்ஸும்தான் பூந்து வருது, அதுக்காக டோல்கேட்டு பஸ்ஸாயிடுமா? பொடி எழுத்துல பேனல் அளவு இருக்கும், தேடிப் பாரு. 7 இஞ்சுக்கு 1920க்கு 1200 இருந்தா தாராளம்.

லாக்ல எடுக்கறேன்னு பீத்திக்கறியே, அது மானிட்டர்ல கஞ்சித்தண்ணி கலர்ல தெரியும். பொண்ணோட மாமன் எட்டிப் பாத்துட்டு, ‘நகையெல்லாம் வெளுத்துப் போச்சே’ன்னு மண்டபத்தையே கூட்டுவான். மானிட்டர்ல லட் ஏத்திக்க. பாக்கறவனுக்குக் கலரு, கார்டுல பதியறது அதே லாக். மாமனும் பந்திக்குப் போயிடுவான்.

பேட்டரி எஃப்970 மாட்டறதாப் பாரு, எந்த ஊர்லயும் கெடைக்கும். 47 வாட்ஹவர் சொச்சம் புடிக்கும். 12 வாட் தின்னற மானிட்டர்னா மூணரை மணி நேரத்துக்கு மேல வரும், வெளிச்சம் கூடுனா தீனியும் கூடும். அதனால ரெண்டு வாங்கு. மைக்ரோ எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டுக்கு ஒரு கிளாம்ப் போடு. தாலி கட்டற நேரத்துல எவனாவது ஒயர மிதிக்காம இருக்கமாட்டான். ஜிப்புல வெச்சி ஒயர நீளமா இழுக்கணும்னா எஸ்.டி.ஐ. இருக்கறதப் பாரு. ஆனா உன் கேமராவுல எஸ்.டி.ஐ. இருக்குதான்னு மொதல்ல பாத்துக்க. அண்டா வாங்கிட்டு அடுப்பு தேடறது நம்ம வம்சத்துக்கே பழக்கம்.

கடைக்குப் போறப்ப உன் கேமரா, உன் ஒயரு ரெண்டையும் எடுத்துக்கினு போ. ஏ.சி.யில எல்லா மானிட்டரும் அழகாத்தான் இருக்கும். பன்னண்டு மணிக்கு வாசல்ல கொண்டாந்து மாட்டு. வேட்டி கட்டுன ஆளு ஒருத்தர நிக்க வெய்யி. மடிப்பு மடிப்பாத் தெரிஞ்சா வெல கேளு. வேட்டிக்கு ஆளு இல்லன்னா நான் வர்றேன், பஸ் சார்ஜும் பிரியாணியும் உன்னுது.

இத்தினியும் கேட்டுட்டு 17 இஞ்சுதான் வேணும்னா தாராளமா வாங்கு. படம் சரியா வருமோ வராதோ, இ.எம்.ஐ. மாசாமாசம் தேதி தப்பாம வரும்.