போளி குறித்து ஒரு போலி ஆய்வு

தெரியாத மராத்தியால் மும்பைத் தமிழருக்கு ஆபத்தில்லை. கையைக் காட்டிச் சமாளித்துவிடுவார். தமிழ்போலக் கேட்கும் மராத்திதான் கவிழ்க்கும். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

களம் செம்பூர். ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் அடியேனே. குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மராத்தி அம்மாள் வாசலில் நின்று, "போளி பாஜி கேலி ஆஹே, யா" என்றார். போளியும் பஜ்ஜியும் புரிந்தன. 'கேலி' மட்டும் கொஞ்சம் உறுத்தியது. முகத்தில் கேலி எதுவும் தெரியவில்லை என்பதால் விட்டுவிட்டேன். டிபன்தானே என்று வீட்டில் சாம்பார், ரசம், மோர் வரை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன்.

தட்டில் மூன்று சப்பாத்தி, வெந்தயக்கீரைக் கறி. அரைகுறை இந்தியில் "போளி எப்போது?" என்று கேட்டேன். தட்டைக் காட்டினார். "மீட்டா..." என்று இழுத்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர், சூடான சப்பாத்தியில் நெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டிக் கையில் கொடுத்தார். அந்த ஊரில் அது குழந்தைகளுக்குத் தருவது. சாப்பிட்டேன்.

இனி சொல்லாராய்ச்சி. மராத்தியில் போளி என்றால் சப்பாத்தி. நம் போளி அங்கே பூரண போளி, ஹோலிக்குச் செய்வார்கள். பாஜி என்பது காய், கீரைக் கறி. பஜ்ஜியோ 'பஜி', குறில். 'கேலி' என்றால் செய்திருக்கிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியர் அளந்து கொடுத்தும், ஒரு மாத்திரையைக் கோட்டைவிட்டதில் பஜ்ஜி போயிற்று. தஞ்சாவூரில் மராத்திய வம்சம் 1855 வரை ஏறத்தாழ 180 ஆண்டு இருந்ததே, யாராவது இதை ஓர் ஓலையில் எழுதிச் சரசுவதி மகாலில் போட்டிருக்கலாம்.

துணைச் சான்றுகள்: மாட்டுங்காவில் யாரோ "காகா" என்று கூப்பிட, ஜன்னலில் காக்கையைத் தேடினேன், கூப்பிட்டது சித்தப்பாவை. தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவரும் இருபது வயதுப் பையனை அறுபது வயதுக்காரர் 'அண்ணா' என்கிறார். இது பிழையா, மரியாதையா என்பது தனி ஆய்வுக்குரியது. பையன் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

செம்பூர்ப் பக்கம் யாராவது போளி பாஜிக்குக் கூப்பிட்டால், தயவுசெய்து வீட்டில் சாப்பிடாமல் போங்கள்.