மேலூர்க்காரரின் கேள்வி

கேள்வி: தேசியப் பூங்காவுக்குள்ளேயா எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள்? வேலிக்கு வெளியேதானே! அதற்கு ஏன் இவ்வளவு கூப்பாடு?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனையில்தான் ஆயிரம் அடிக்கு போர் போடுகிறார். உங்கள் வீட்டுக் கிணறு ஏன் வற்றுகிறது? நிலத்தடி நீருக்குப் பட்டா, சிட்டா எதுவும் தெரியாதே!

அசாமின் பாக்ஜான் எரிவாயுக் கிணறும் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது. 2020 மே 27-ல் கட்டுமீறிப் பீறிட்டது. ஜூன் 9-ல் தீப்பிடித்தது. அணைத்து முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. பக்கத்து மாகுரி நீர்நிலையில் டால்பின் செத்துக் கிடந்தது. பாவம், வேலி எங்கே என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நம் பக்கம் வேலிக்கு வெளியே என்ற மரியாதைகூட இல்லை. 2022 நவம்பரில் உங்கள் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, 193 ஹெக்டேர். சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, பாறை இடுக்கில் லகர் வல்லூறு, அடிவாரத்தில் சுனைத் தண்ணீர். சரியாக இரண்டே வருடம். அதையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேரை டங்ஸ்டனுக்காக ஏலம் விட்டார்கள். குண்டு பல்புக்குள் சிவக்குமே, அந்த இழை! பல்பே வழக்கொழிந்த காலத்தில் ஊருக்கே பல்பு.

அதை எதிர்த்து 2025 ஜனவரி 7-ல் உங்கள் ஊர்க்காரர்கள்தானே மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள்? 23-ஆம் தேதி ஏலம் ரத்து. மலைக்கு வைக்க இருந்த வெடிக்குப் பதில் ஊரில் பட்டாசு. வல்லூறுதான் கொஞ்சம் மிரண்டிருக்கும்.