விருதுநகரில் பிறந்த மோசமான வியாபாரி

மிளகாய் வற்றல் என்ன விலை, பருப்பு என்ன விலை என்று தமிழ்நாடு கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஊர் விருதுநகர். இங்கே பிறக்கிற குழந்தை 'அம்மா' என்பதற்கு முன்னால் 'அசல் எவ்வளவு?' என்று கேட்கும். அப்படிப்பட்ட ஊரின் பேரேட்டில் 1903 ஜூலை 15 அன்று ஒரு கணக்குப் பிழை விழுந்தது. குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்த அந்தப் பிழையின் பெயர் காமராஜர்.

அவர் வளர்ந்த வீடு இப்போது அரசின் நினைவு இல்லம். நிறையப் படங்கள், கொஞ்சம் பொருள்கள். அரண்மனை பார்த்துப் பழகியவர்கள் "அவ்வளவுதானா?" என்று பின்கட்டைத் தேடுகிறார்கள். காட்சிக்கு வைக்கக்கூட எதையும் சேர்க்காமல் போன மனிதருக்கு நினைவு இல்லக்காரர்கள் என்னதான் செய்வார்கள்?

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் உட்காரவைத்தார்கள். கை துணியை அளந்தது, காது பொதுக்கூட்டத்தில் இருந்தது. பையன் கெட்டுப்போகிறான் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அந்தத் திருவிதாங்கூர் சீமையில்தான் தீண்டாமைக்கு எதிரான வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது! குடிகாரனைத் திருத்தக் கள்ளுக்கடையில் வேலைக்குச் சேர்த்த கதை.

அப்புறம் விடுதலைப் போராட்டம், அதற்காகச் சிறைவாசம், தவணை முறையில், மொத்தம் சுமார் 9 ஆண்டுகள். நடுவே 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. பக்கத்துச் சிவகாசி பிற்பாடு வெடிக்குப் பேர் வாங்கியது. ஆனால் போலீஸ் கொளுத்திய அந்த வெடி நமுத்துப்போய், அவர் விடுதலையானார். 1941-ல் சிறையில் இருந்தவரை ஊர் நகராட்சித் தலைவராக்கியது. விடுதலையாகி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், ராஜினாமா செய்தார்.

1954-ல் முதலமைச்சர். பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைக்கட்டு என்று கடை நன்றாக ஓடியது. அம்மா வீட்டுக்கு நகராட்சி தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயைப் பிடுங்கச் சொன்ன கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். அம்மாவுக்கே சலுகை தராதவர் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பார்? 1963-ல் ஓடுகிற கடையைத் தானே பூட்டினார். 'காமராஜ் திட்டம்' என்று பேர் வைத்து மற்றவர்கள் கடையையும் பூட்டவைத்தார். அவரையும் சேர்த்து 6 முதலமைச்சர்கள், 6 மத்திய அமைச்சர்கள் கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார்கள். காங்கிரஸ் கட்சித் தலைவராகி சாஸ்திரியையும் இந்திரா காந்தியையும் பிரதமராக்கினார். இரண்டு பிரதமர்களை முடித்துக் கொடுத்தவர், தரகு மட்டும் வாங்கவில்லை.

1967-ல் ஊர் கணக்கு முடித்தது. அரிசித் தட்டுப்பாடு ஒரு பக்கம், இந்தி எதிர்ப்புக் கோபம் மறுபக்கம். தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் சொந்த விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார்.

சென்னையில் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். கட்சிக்காரர்களைப் பார்த்ததும் அங்கேதான். அதுவும் வாடகை வீடு. 1975 அக்டோபர் 2 அன்று அங்கேயே இறந்தார். பிறகு அரசு அந்த வீட்டையும் நினைவு இல்லமாக்கியது. ஒருவழியாக, வீட்டுக்காரர் வாடகை கேட்க முடியாத வீடு அவருக்குக் கிடைத்தது.

வியாபாரம் சூடுபிடித்தது அதன் பிறகுதான். 1976-ல் பாரத ரத்னா. 1985-ல் மாவட்டத்துக்கே அவர் பேர். பிற்பாடு அதையும் எடுத்தாயிற்று, பதவி அவரிடம் தங்கியதுதான் கிடையாதே. அவரை எதிர்த்த கட்சி, ஆதரித்த கட்சி, அவர் காலத்தில் பிறக்கவே பிறக்காத கட்சி எல்லாமே இப்போது 'காமராஜர் ஆட்சி' தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்கின்றன. சரக்குக்காரருக்கு ஒரு காசு வரவில்லை. அவர் படத்தைப் போட்டவர்களுக்கு நல்ல லாபம்.

நினைவு இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஜூலை 15 அன்று போகாதீர்கள். மாலை போடுகிறவர்கள் வழிவிட மாட்டார்கள். வேறொரு நாள் பிள்ளைகளோடு போங்கள். பார்க்க அதிகம் இல்லை, பார்க்கவேண்டியதே அதுதான்.