'பயனுள்ள இணைப்புகள்' பக்கத்தைப் புராதனச் சின்னமாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
பிரவுசிங் சென்டர் வைத்துப் பிழைப்பவன்,
பேருந்து நிலையம் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு இணையதளப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
(துறையின் பெயரைத் துறைக்கே தெரியும் என்பதால் எழுதவில்லை.)

பொருள்: தங்கள் தளத்திலுள்ள 'பயனுள்ள இணைப்புகள்' பக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி பக்கம். 2. பிழை எண் 404. 3. மேற்படி. 4. மேற்படி.

ஐயா,

அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தச் சொல்பவர்களுக்காகத் தாங்கள் வைத்திருக்கும் 'கருத்து தெரிவிக்க' பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பார்வை எண் 2 கிடைத்தது.

வருமானச் சான்று, பட்டா, கல்வி உதவித்தொகை என்று என் கடைக்கு வருகிறவர்களுக்கு, கூகுளில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு தளத்தில் ஆதார் எண்ணைத் தட்டித் தர எனக்கு மனம் வருவதில்லை. போலித் தளங்கள் அதிகம், அரசுப் பக்கத்திலிருந்தே போங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். போனேன்.

பக்கத்தின் அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது. மறுநாள் போனால் மறுநாள் தேதி. தினமும் யாரோ உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். அது வெறும் காலண்டர் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்கு நேர் மேலேயே, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 1024க்கு 768 அளவில் பார்த்தால் பக்கம் சிறப்பாகத் தெரியும் என்ற அறிவுரை. அந்த பிரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனிலேயே காரியம் செய்துவிட்டது.

ஓர் இணைப்பைத் தொட்டால் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று எழும்புகிறது: தாங்கள் இத்தளத்தைவிட்டு வெளியேறுகிறீர்கள், அங்கே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல, தொடரலாமா? தொடர்ந்தால் அங்கே எதுவுமே நடப்பதில்லை. இந்திய அரசுத் தளங்களுக்காக 2009இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்கின்றன. தங்கள் தளத்தின் 'இணைப்புக் கொள்கை'யோ, எல்லா நேரமும் இவை வேலை செய்யும் என்று உத்தரவாதம் தர இயலாது என்கிறது. தளத்திலேயே நூறு சதவீதம் உண்மையான வாசகம் இதுதான்.

டீக்கடைக்காரர்கூடக் கடையை மாற்றினால் பழைய ஷட்டரில் ஓர் அட்டை ஒட்டிவிட்டுப் போகிறார். இணையத்திலும் அந்த அட்டை உண்டு. நிரந்தரமாக இடம் மாறியிருந்தால் 301 என்று சொல்லி, பயனரைப் புது முகவரிக்கே கொண்டுபோய் விடலாம். ஒரேயடியாக எடுத்துவிட்டால் 410 என்று சொல்லிவிடலாம். துறைகள் பல தங்கள் பழைய nic.in முகவரிகளை விட்டு gov.in முகவரிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, சில அட்டை ஒட்டின, பல ஒட்டவில்லை. தாங்களும் போய்ப் பார்க்கவில்லை.

தங்களை மட்டும் குறை சொன்னால் பாவம் சேரும். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் காட்டியதை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளியினர் கண்டறிந்தார்கள். அதில் ஒன்றின் கதை விசேஷமானது. 2011இல் ஒரு வழக்கில் நீதிபதி அலிட்டோ ஓர் இணையப் பக்கத்தை எடுத்துக்காட்டினார். பிறகு அந்த முகவரி காலாவதியானது. யாரோ ஒரு குறும்பர் அதை விலைக்கு வாங்கி, 'நல்லவேளை, இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டவில்லை' என்ற தொனியில் ஒரு கேலிக் குறிப்பை ஏற்றிவிட்டார்.

அவர்களுக்கு வாய்த்தவர் குறும்பர். நமக்கு வாய்த்தவர்கள் ரம்மிக்காரர்கள்.

விழா எடுத்து, பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்கும் திட்டத்துக்கு ஒரு டாட்காம் முகவரி வாங்குகிறார்கள். ஒப்பந்தக்காரரின் காலம் முடிகிறது. ஆண்டுக் கட்டணத்தை யாரும் கட்டுவதில்லை. முகவரி சந்தைக்கு வருகிறது. அரசுப் பக்கத்திலிருந்து இணைப்பு பெற்ற முகவரி என்றால் தேடுபொறியிடம் தனி மரியாதை; ஆகவே அதற்கு நல்ல விலை. வாங்கியவர் கடை விரிக்கிறார். தங்கள் பக்கம் மட்டும் பழைய பெயரைச் சொல்லியே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மூத்த குடிமக்கள் நலன் என்று போட்டிருந்த இணைப்பை என் கடையில் ஒரு பாட்டிக்காகத் திறந்தேன். திரை முழுக்க இஸ்பேடும் ஜோக்கரும். "இதுல எந்தச் சீட்ட அமுக்குனா பென்சன் வரும் தம்பி?" என்றார். தங்களிடம் பதில் இருந்தால் தெரிவிக்கவும். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தங்களிடம் இணைப்புகளைச் சோதிக்கும் மென்பொருள் இருப்பதாகவும் அறிகிறேன். அது கதவைத் தட்டுகிறது. யாராவது திறந்தால் '200, நலம்' என்று குறித்துக்கொள்கிறது. ரம்மித் தளம் எப்போதும் திறந்திருக்கும். ஆகவே தங்கள் மாதாந்திர அறிக்கையில் அந்த இணைப்புதான் முதல் மாணவன்.

1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற திறந்த இணைய அடைவிலும் இப்படியொரு இயந்திரம் இருந்தது, பெயர் ரோபோசில்லா. அது செத்த இணைப்புகளை அடையாளம் மட்டும் காட்டும். போய்ப் பார்த்து வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள்: சம்பளமோ பஞ்சப்படியோ இல்லாத தன்னார்வலர்கள். அங்கேயும் தளத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் பதிலே வராது என்ற புகார் உண்டு. அந்த வகையில் அவர்கள் தங்களுக்குப் பங்காளிகள். 2017 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். யாகூ 1994இல் தொடங்கிய அடைவையும் 2014 கடைசியில் மூடிவிட்டது. பராமரிக்க முடியவில்லை என்றால் மூடிவிடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தனியார் புத்தி.

எனவே என் கோரிக்கை. 1958ஆம் ஆண்டு புராதனச் சின்னங்கள் சட்டம் நூறு ஆண்டு வயது கேட்கிறது. தங்கள் பக்கத்துக்கு வயதுத் தளர்வு அளித்து, வாசலில் நீல நிறப் பலகை வைத்து, உள்ளே உள்ளவற்றைத் தொடக்கூடாது என்று எழுதிவிடுங்கள். குறிப்பாகப் பாட்டிகள் தொடக்கூடாது.

அதற்கு நிதித்துறை ஒப்புதல் தாமதமானால், இடைக்கால ஏற்பாடாக, மாதம் ஒருமுறை ஓர் ஊழியர் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் திறந்து, வந்து நிற்பது யார் என்று கண்ணால் பார்க்கலாம். மதிய உணவுக்குள் முடிந்துவிடும் வேலை.

இந்த விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்புகிறேன். 'தொடர்புக்கு' பக்கத்திலிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியது அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனர்.

இணைப்பு: சரியான முகவரிகள், கையால் எழுதியது, தாள் 1. (வேலை செய்கிறது.)