என் வீட்டுப் பண்டாராயா

வரவேற்பறையில் இருக்கும் எங்கள் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து, வருகிறவர்கள் "என்ன மீன் வளர்க்கிறீங்க?" என்று கேட்டது ஒரு காலம். பிறகு "உள்ளே மீன் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கிள்ளானிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர்தான் என் மனம் நோகாமல் கேட்டார்: "கீரைய எதுக்குப்பா கண்ணாடிக்குள்ள வளர்க்கிற?"

வினை தொடங்கியது 2020இல். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எதிர்வீட்டுக்காரர் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டு மாக்சிக் வாளிகளில் மிளகாய் நட்டு எங்களுக்கும் கொடுத்தார். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, கைப்பேசியில் தக்காஷி அமானோவின் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக் கலைஞராகி, கடைசியில் தண்ணீருக்குள் காடு வளர்த்த ஜப்பானியர் அவர். 2015இல் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்தில், 160,000 லிட்டர் தண்ணீரில் ஒரு காட்டையே நட்டுவைத்துவிட்டுப் போனவர். அவருக்கு 160,000 லிட்டர் முடியும் என்றால் எனக்கு 60 லிட்டர் முடியாதா என்று தோன்றியது. படுத்துக்கொண்டு யோசித்தால் இப்படித்தான் தோன்றும்.

கடைகள் திறந்ததும் இரண்டடித் தொட்டி வாங்கினேன். செடிக்குக் கிரிப்டோகோரைன். நம் காட்டு ஓடைகளில் தானாக முளைப்பது, எனக்கு மட்டும் ஒரு சட்டி 12 வெள்ளி. மீனுக்கு எட்டு ஹார்லிக்வின் ரஸ்போரா. இவையும் இந்த மண்ணின் மைந்தர்களே. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம் குத்தியிருக்கும். தொட்டியை மேற்குச் சன்னலோரம் வைத்தேன். மாலை வெயில் உள்ளே பாய்ந்து இலைகள் மின்னின. அது போதாதென்று காலை 7 மணிக்குப் போட்ட விளக்கை இரவு 10 மணிக்குத்தான் அணைத்தேன். செலவழித்தவனுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

சாப்பாட்டுக்கும் குறைவில்லை. காலையில் மனைவி போடுவாள். வேலை முடிந்து வந்து நான் போடுவேன். இடையில் மாமியார். "வாயில்லா ஜீவன் மாப்பிள்ளை, பட்டினி போடலாமா?" என்பார். மீனுக்கு வாயைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம் முதல் விருந்தாளி வந்தது. கண்ணாடியிலும் இலையிலும் மைலோ தூளைத் தூவியதுபோல் பழுப்புப் படலம். விரலால் துடைத்தால் போய்விட்டது. புதுத் தொட்டிக்கு இது சகஜம், தானாக மறையும் என்றார்கள். மறைந்தது. அது காலி செய்த இடத்துக்குப் பச்சை நூல்பாசி குடிவந்தது. அதையும் கையால் சுருட்டி எடுத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே நூல். குறுந்தொகையில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊர்க்கிணற்றுப் பாசியை உவமை சொல்கிறார். தொடும்போது விலகுமாம், விட்டதும் பரவிவிடுமாம். பள்ளியில் படித்தபோது அதைக் காதல் பாட்டு என்று நினைத்திருந்தேன். இப்போது படித்தால், பரணர் வாரக் கடைசிகளில் கேணி கழுவியவர் என்றே படுகிறது.

பாசியைத் தின்ன ஒரு ஜீவனை விட்டால் நாம் கையை நனைக்க வேண்டாம் என்ற ஞானோதயம் ஒரு புதன்கிழமை இரவு தாமான் கோனாட் பசார் மாலாமில் பிறந்தது. நாற்றத் தவுஃபு கடையைத் தாண்டி, கைப்பேசி உறை விற்பவருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பையில் இரண்டு அங்குலத்தில் கறுப்பாக, முதலைக்குப் பல்லியிடம் பிறந்ததுபோல் ஒன்று, வாயைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஆனே, இனி இக்கான் பண்டாராயா. மாக்கான் லுமுட்," என்றார் கடைக்காரர்.

லுமுட் என்றால் பாசி. பங்கோர் தீவுக்குப் படகேறும் பேராக் லுமுட்டுக்கும் அதே பெயர்தான். பண்டாராயா என்றால் மாநகர். தெருவைக் கூட்டும் மாநகராட்சி ஊழியரைப் போல் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று, தென்னமெரிக்காவில் பிறந்த இந்த உறிஞ்சுவாய் மீனுக்கு நம் நாட்டார் வைத்த பெயர் அது. 3 வெள்ளி. 3 வெள்ளிக்கு ஒரு மாநகராட்சி!

முதல் மாதம் பயல் உழைத்தான், மறுக்கவில்லை. கண்ணாடியில் அவன் போன தடம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. பிறகு வளர்ந்தான். ஆறு அங்குலமானதும் பாசியை மறந்தான். பகலெல்லாம் கட்டைக்கு அடியில் தூக்கம்; இரவில் எழுந்து மாமியார் போட்ட உணவு உருண்டைகளைத் தின்றுவிட்டு, வாலால் ஒரு வீசு வீசி 12 வெள்ளிக் கிரிப்டோகோரைனைப் பிடுங்கி மிதக்கவிடுவான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் போட்ட கழிவு இருக்கிறதே! சாயங்காலம் தொட்டியைப் பார்த்தால் பழுப்பு நூடுல்ஸ் கொட்டியதுபோல் இருக்கும். அந்தக் கழிவு பாசிக்கு உரம். துப்புரவுக்கு வந்தவனே குப்பை கொட்டினால் யாரிடம் போய்ப் புகார் செய்வது? நண்பர் ஒருவர் விளக்கம் சொன்னார். "நீங்க இருக்கறது செராஸ் ஒன்பதாம் கட்டை. அது சிலாங்கூர், காஜாங் நகராண்மைக் கழகத்து எல்லை. கோலாலம்பூர் பண்டாராயா அங்க வந்து எப்படி வேலை செய்யும்?"

அடுத்து வந்தது கருந்தாடி. இலை விளிம்பெல்லாம் மீசை அரும்பி, இரண்டே வாரத்தில் தாடியானது. இழுத்தால் இலைதான் கிழியும், தாடி போகாது. தாவர இயலில் இது சிவப்புப் பாசி இனமாம். கறுப்பாக இருப்பதைச் சிவப்பு என்று சொல்பவர்களிடம் எனக்குப் பெண் பார்த்த தரகர் நினைவுதான் வரும்.

கருந்தாடியை விரும்பித் தின்பது சயாமியப் பாசித்தின்னி என்று படித்தேன். தாய்லாந்திலும் நம் தீபகற்பத்து ஆறுகளிலும் வாழ்கிற மீன். கடைக்குப் போய், "சயாமிஸ் இருக்கா?" என்றேன். இருந்தது. மூன்று வாங்கினேன். ஒரு மாதத்தில் மூன்றும் என் ரஸ்போராக்களைத் துரத்திப் பிடித்து விலாவில் வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கின. முத்தம் கொடுக்குது என்றார் மாமியார். மீனின் உடம்பு வழவழப்பைச் செதிலோடு வழித்துத் தின்கிற முத்தம் அது. நான் வாங்கி வந்தது சீனப் பாசித்தின்னி! சின்ன வயதில் பாசி தின்னும்; வளர வளர அசைவத்துக்கு மாறும்.

அசலைக் கண்டுபிடிக்கும் வழியைக் காசைக் கரைத்துக் கற்றேன். அசல் சயாமிஸுக்கு மூக்கில் தொடங்கும் கறுப்புக் கோடு வாலின் நுனிவரை நிற்காமல் ஓடும். கோட்டுக்கு மேலே தங்கச் சரிகை பளிச்சென்று இருந்தால் அது பிளையிங் ஃபாக்ஸ். பார்க்க அழகு, வேலைக்கு உதவாது. வாய் உறிஞ்சுகுழல் போல் வட்டமாகக் கண்ணாடியில் ஒட்டினால் சீனன். வாங்கும் முன் குனிந்து வாயைப் பாருங்கள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதில்லையா?

அசல் கிடைத்தது. இரண்டு. கருந்தாடியை உண்மையிலேயே மேய்ந்தன. சவரக் கத்தி போட்டதுபோல் இலைகள் வெளுத்து வந்தன. அந்த மகிழ்ச்சியில் நான் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்த வாரத்தில், அவை மாமியாரின் உருண்டைகளைச் சுவைத்துப் பார்த்தன. அத்தோடு சரி. சம்பளம் வீட்டுக்கே வந்துவிட்டால் வேலைக்கு யார் போவார்?

கடைசி நம்பிக்கை, அமானோ இறால். 1980களில் அமானோதான் தன் தொட்டிகளில் பாசி தின்ன இந்த இறாலைப் பழக்கினார். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்ணாடி போன்ற உடம்பு, பக்கவாட்டில் புள்ளி வரிசை, ஒன்றரை அங்குலம் வளரும். ஒன்று 5 வெள்ளி. பத்து வாங்கினேன்.

மனைவி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பத்தும் சேர்ந்து ஒரு கரண்டி வராது. ஐம்பது வெள்ளியா? கிலோ என்ன விலை ஆவுது தெரியுமாங்க?" என்று அவளே மனக்கணக்குப் போட்டு, விடையைச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று இரவு உணவு இறால் சம்பல். தற்செயல்தான் என்றாள்.

இறாலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னங்கால்களின் நுனியில் குட்டிக் குட்டி இடுக்கிகள். அவற்றால் நூல்பாசியைப் பிய்த்து, இடது கை வாயில் வைக்கும்போதே வலது கை அடுத்த கவளத்துக்குப் போய்விடும். வாழையிலைச் சோற்றில் ரசம் வரும் முன்பே அப்பளத்தை முடிப்பவரின் வேகம். ஒரு கல்லை முழுசாக மேய்ந்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போகும். பத்தே நாளில் நூல்பாசி பாதியாகக் குறைந்தது. நான் அலுவலகத்தில் நாலு பேருக்கு அறிவுரை சொல்லும் அளவுக்குப் போனேன்.

பதினொன்றாம் நாள் எண்ணினால் எட்டு. தொலைக்காட்சிக்குப் பின்னால் கூட்டியபோது மனைவி இரண்டைக் கண்டெடுத்தாள். காய்ந்து சுருண்டு, பசாரில் விற்கும் கூனி மாதிரி. தண்ணீர் பிடிக்காவிட்டால் அமானோ இறால் குழாயைப் பிடித்து ஏறி வெளியேறிவிடும். மூடி போடாதது யார் குற்றம் என்ற விசாரணை வீட்டில் நடந்தது. தீர்ப்பை எழுதத் தேவையில்லை.

ஒரு பெண் இறால் வயிற்றில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமந்தபோது எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இலவசமாகக் குட்டிகள் தருவதாக வாக்கும் கொடுத்தேன். குட்டி வரவில்லை. இதன் குஞ்சுகள் ஆற்றோடு மிதந்து உப்பு கலந்த கழிமுகத்துக்குப் போய் வளர்ந்து, பிறகு ஆற்றுக்குத் திரும்ப வேண்டுமாம். நல்ல தண்ணீர்த் தொட்டியில் பிழைக்காது. பிரசவத்துக்குப் போர்ட் கிள்ளான்வரை ரயிலில் அழைத்துப்போக நான் தயார். திரும்பி வரும் வழி அதற்குத் தெரிய வேண்டுமே!

இதெல்லாம் நடந்தும் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. இறாலும் மீனும் அவற்றைச் சீந்துவதில்லை. நெரைட் நத்தை சுரண்டும் என்று இரண்டு வாங்கினேன். சுரண்டியது. கூடவே கட்டை முழுக்க எள் ஒட்டியதுபோல் வெள்ளை முட்டைகளை இட்டது. அவையும் நல்ல தண்ணீரில் பொரிக்காது, எடுக்கவும் வராது. இன்றுவரை பச்சைப் புள்ளிக்கு நான் கண்ட சிறந்த மருந்து, காலாவதியான டச் அண்ட் கோ அட்டை. இருபது நிமிடம் சுரண்டினால் போதும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தோள்வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பாசிக்கு என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம், தானா வருது."

"வெளிச்சம் வேணும். மீன் கழிவு, மிச்சச் சாப்பாடு, அதுல இருந்து வர்ற அம்மோனியா, நைட்ரேட் வேணும். பதினஞ்சு மணி நேரம் விளக்கு போடறது யாரு? மேற்கு வெயில்ல வச்சது யாரு? மூணு வேளை சாப்பாடு போடறது யாரு? இந்த வீட்டுல மீன் வளர்க்கறவங்க யாருமே இல்லப்பா. நீங்க பாசி வளர்க்கறீங்க, நல்லா வருது."

இந்தப் பிள்ளைக்கு டியூஷன் கட்டணம் கட்டுவதும் நான்தான்.

மகள் ஆட்சிக்கு வந்தாள். சன்னலுக்குத் திரை. விளக்குக்கு 25 வெள்ளியில் ஒரு டைமர்: மாலை 4 முதல் 10 வரை, ஆறே மணி நேரம். சாப்பாடு ஒரு வேளை, ஒரு சிட்டிகை. ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றம், குழாய்த் தண்ணீரின் குளோரினை முறித்த பிறகு. சத்தை உறிஞ்சவும் நிழல் தரவும் மேலே நாலு ஆகாயத்தாமரை. மீன் உணவு டப்பா அலமாரி உச்சிக்குப் போனது. மாமியாருக்கு எட்டாது. எனக்கும் முக்காலி போட்டால்தான் எட்டும்.

உருண்டை நின்றதும் இறால்களுக்கும் சயாமிஸ்களுக்கும் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லையே, மேய்ந்தன. புதுப் பாசி முளைக்கும் வேகம் குறைந்ததால் இவை தின்னும் வேகம் அதை முந்தியது. முன்பெல்லாம் நான் ஐந்து மூட்டை குப்பை கொட்டிக்கொண்டே ஓர் ஆளை வைத்து ஒரு மூட்டை அள்ளிக்கொண்டிருந்தேன். கூடவே இருபது சிவப்புச் செர்ரி இறால்களை விட்டேன். ஒன்று 1 வெள்ளி 50 சென். இவை நல்ல தண்ணீரிலேயே குட்டி போடும். போடுகின்றன, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ரஸ்போராவின் வாய் சிறியது, செடிகளுக்குள் ஒளியும் குட்டிகளில் பாதிக்குமேல் பிழைத்துவிடுகின்றன. கவனிக்க வேண்டியது ஒன்றே: பாசி மருந்து எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். பலவற்றில் தாமிரம் இருக்கும். மீன் தாங்கினாலும் இறால் தாங்காது.

இப்போது தொட்டி தெளிவாக இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த பெரியம்மா, "கீரையெல்லாம் பறிச்சிட்டியா?" என்று கேட்டார்.

மிச்சம் ஒரு காரியம்தான். பண்டாராயா. அவன் இப்போது 14 அங்குலம். பின்வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், காற்றுக்குழாயோடு, வெள்ளரிக்காய் தின்றுகொண்டு ஓய்வூதியத்தில் இருக்கிறான். லங்காட் ஆற்றில் விட்டுவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அங்கே இவன் உறவினர்கள் ஏற்கெனவே குடியேறி, கரையில் வளை தோண்டி முட்டையிட்டு, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் 3 வெள்ளிக்கு வேலைக்குச் சேர்ந்தவர்களின் வாரிசுகள்தான்.

வெளியே வழிந்தோடாத சிமெண்டுக் குளம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் செராஸ் ஒன்பதாம் கட்டைக்கு வாருங்கள். மீன் இலவசம். பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது என் மனைவி துணி ஊறவைக்கிற தொட்டி. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.